நாறாத தண்ணீர்

வார்னிங் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே வேலுச்சாமி அதில் கையெழுத்துப் போட்டிருந்தான். இங்கிலீஷில் அரைப் பக்கம். "சும்மா ஆபீஸ் பேப்பர்தான், போடு" என்று சூப்பர்வைசர் ஜெயசீலன் பேனாவை நீட்டினான். போட்டான். அன்று சாயங்காலம் அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பில், கூட வேலை பார்க்கும் தியாகு அந்த நகலை எடுத்துப் படித்துவிட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தியாகு பெரம்பலூர்க்காரன், பிளஸ் டூ வரை படித்தவன்.

"அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா?"

"என்ன?"

"மத்தியான ரெஸ்ட்டைச் சாக்கா வச்சுக்கிட்டு நீங்க தூங்கிட்டீங்களாம். ரெண்டு மாசமா செடிக்கு ஒழுங்கா தண்ணி விடலையாம். அதனாலதான் காம்பவுண்ட்ல எல்லாம் கருகிப் போச்சாம். தோட்டம் பழையபடி வர்ற வரைக்கும் உங்க லீவு கேன்சல்."

வேலுச்சாமி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். கீழே அவன் பெயர் தமிழில் கோணல்மாணலாக இருந்தது. அது ஒன்றுதான் அவனுக்குப் படிக்கத் தெரிந்தது.

2006 ஆகஸ்ட், மூன்றாவது வாரம். செப்டம்பர் இருபதாம் தேதிக்கு அவனுக்கு டிக்கெட் போட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் லீவு. சாயல்குடிப் பக்கத்தில் ஊர். மனைவி நாகவள்ளிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ராமநாதபுரம் டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. கையெழுத்துப் போடவும் பக்கத்தில் இருக்கவும் ஆள் வேண்டும் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அவனுக்காகத்தான் காத்திருந்தாள்.

லீவு இல்லை என்று போனில் அவளிடம் சொன்னான்.

"அங்க செடி கருகுனா நீங்க வரப்படாதா? அப்ப நான் கருகுனா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

பொய் எழுதியவன் யாரோ ஒரு அரபியோ, வடக்கத்தியானோ என்றால்கூட வேலுச்சாமிக்கு இப்படி எரிந்திருக்காது. ஜெயசீலன் மார்த்தாண்டத்துக்காரன். ஆறு வருடம் தோட்டக்காரனாக இதே கேம்ப்பில், இவன் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுத்தவன். இவனோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவன். இங்கிலீஷ் பேசுவான் என்று இரண்டு வருடத்துக்கு முன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். பிக்கப் வண்டி கொடுத்தார்கள், தனி ரூம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு 'சீலா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. 'சார்' என்றால்தான் காது கேட்டது.

அவர்கள் வேலை பார்த்த, மிர்திஃபில் இருந்த அந்தக் காம்பவுண்டில் நாற்பத்திரண்டு வில்லாக்கள். ஒரு லேண்ட்ஸ்கேப் கம்பெனி தோட்டத்தைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்தது. ஆறு தோட்டக்காரர்கள். பதினொரு வருடமாக வேலுச்சாமிதான் அவர்களுக்கு மூத்தவன். ஆகஸ்ட் கடைசி வந்தால் அங்கே தோட்டக்காரனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வெயில் இன்னும் நாற்பத்தைந்தில்தான் நிற்கும். ஆனால் குளிர்காலப் பூவுக்கான வேலையை அப்போதே தொடங்க வேண்டும். கோடைக்கு வைத்த நித்தியகல்யாணியையும் பத்துமணிப்பூவையும் பிடுங்கி, பாத்தியை ஒரு அடி ஆழம் கொத்திப் புரட்டி, ஆட்டு எருவைக் கலந்து, தண்ணீர் கட்டி ஊறவிட வேண்டும். செப்டம்பர் முதல் வாரம் நிழல்வலைக் கூடாரத்தில் பெட்டூனியாவை விதைத்தால்தான் அக்டோபரில் நாற்றாக எடுத்து நட முடியும். தீபாவளிக்குப் பிறகு காம்பவுண்ட் முழுக்கப் பூ நிற்கும்.

அந்த வருடம் புரட்டுவதற்கு முன்பே எல்லாம் செத்துக்கொண்டிருந்தது. ஜூலையில் செம்பருத்தியின் இலை நுனி பழுப்பானது. பிறகு ஓரம் சுருண்டது. எதற்கும் அசையாத அரளி வேலிகூட அடியிலிருந்து இலையைக் கொட்டியது. புல்தரையில் திட்டுத் திட்டாக வெளுப்பு. வெக்கை அதிகம் என்று வேலுச்சாமியும் நினைத்தான். சட்டப்படி ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்யக்கூடாது. அந்த நேரத்தை ஈடுகட்ட விடியற்காலை நாலு மணிக்கே வந்து தண்ணீர் விட்டான். அதிகமாக விட்டான். விட விட அதிகமாகக் கருகியது.

வார்னிங் லெட்டர் வந்த இரண்டாம் நாள், எட்டாம் நம்பர் வில்லாவுக்கு முன்னால் இருந்த பாத்தியைக் கொத்தியபோது மண்வெட்டி நெறநெறவென்றது. மேல்மண் ஏடு ஏடாகப் பெயர்ந்தது. அடியில் வெள்ளைப் பூச்சு. அதைக் கையில் எடுத்துத் தேய்த்தான். அந்த நெறநெறப்பை அவன் கால்கள் அறியும். பதினாறு வயதிலிருந்து நான்கு வருடம் வாலிநோக்கம் உப்பளத்தில் வரப்பு மிதித்தவன் அவன். பாதம் வெடித்து, வெடிப்பில் உப்பேறி, செருப்புப் போட முடியாமல் திரிந்தவன். அந்தப் பிழைப்பு வேண்டாம் என்றுதான் விமானம் ஏறினான்.

நேராக நிலத்தடித் தொட்டிக்குப் போனான். அந்தத் தோட்டத்துக்கு வருவது சுத்திகரித்த கழிவுநீர். டேங்கர் லாரி நாளைக்கு மூன்று நடை கொண்டுவந்து ஊற்றும். லேசாக நாறும். பகலில் பாய்ச்சினால் வில்லாக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு புகார் சொல்வார்கள். ஆனால் செடிக்கு அது பால். மூடியைத் தூக்கிக் குனிந்தான். நாற்றமே இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. எப்போதிருந்து என்று யோசித்தான். ஜூன் கடைசியிலிருந்தே டேங்கர் வேறு. வேறு நிறம், வேறு டிரைவர். நாற்றம் போனதே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அவன் உள்பட. கக்கூஸ் தண்ணீரை யார் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள்?

இப்போது வைத்துப் பார்த்தான். துப்பினான். உப்புக் கரித்தது. மூடியை ஓங்கிச் சாத்தினான். ஆனாலும் உடனே கத்த ஓடவில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் கறுப்புத் தட்டு இரண்டு எடுத்தான். ஒன்றில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் குடிக்கிற குழாய்த் தண்ணீர். இரண்டையும் கூடாரத்துக்கு வெளியே கான்கிரீட்டில் வைத்தான். காயக் காய மறுபடி ஊற்றினான். மூன்று நாள். அந்த வெயிலுக்கு அது ஒரு வேலையே இல்லை. குழாய்த் தண்ணீர்த் தட்டில் லேசாக ஒரு கறை. இன்னொன்றில் விரலால் வழித்து எடுக்கும் அளவுக்கு வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது.

நான்காம் நாள் ஜெயசீலன் பிக்கப்பில் வந்து இறங்கினான். இறங்கும்போதே, "என்னலே, இன்னும் பாத்தி தீரலியா? பதினஞ்சாந் தேதி ஓனருக்க ஆளு பாக்க வருகாரு. நர்சரியிலேர்ந்து ரெடிமேடா நாத்து வருது. ஆறாயிரம். அப்பிடியே நட்டுரணும்" என்றான்.

"செப்டம்பர் பதினஞ்சுலயா? இந்தத் தண்ணிய ஊத்தியா?"

"வேற எந்த வெள்ளத்த ஊத்துவ?"

வேலுச்சாமி தட்டை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். "இது என்ன தண்ணின்னு நீயே சொல்லு."

ஜெயசீலன் தட்டைப் பார்த்தான். தொட்டுப் பார்க்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அதில்தான் வேலுச்சாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தெரியும், இல்ல? உனக்குத் தெரியும்!"

"லே, மெதுவாப் பேசு."

"எதுக்குடா மெதுவாப் பேசணும்? உப்புத்தண்ணிய ஊத்தி மொத்தச் செடியவும் கொன்னுபுட்டு, நான் தூங்குனேன்னு எழுதிக் குடுத்திருக்கியே! நாலு மணிக்கு எந்திரிச்சு வந்து ஊத்துனேன்டா. வெசம்னு தெரியாம என் கையால ஊத்துனேன்!"

ஜெயசீலன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நம்ம கம்பெனி மேனேஜர் செய்த காரியம். கழிவுநீர் பிளாண்டுல டேங்கர் கியூவுல கெடக்குது, பக்கத்துல ஒரு பண்ணையில கெணறு இருக்கு, அதுலேர்ந்து எடுன்னு சொன்னாரு. செடி போச்சின்னா யாராவது பதில் சொல்லணும். நான் சொல்லட்டா? எனக்க வேலை போவும். ஒனக்கு ஒரு லெட்டருதான. ஒரு வருசத்துல மறந்துருவாவ."

"என் பொண்டாட்டி ஆபரேஷனை நிப்பாட்டி வச்சுக்கிட்டுக் கெடக்கா."

"அது எனக்குத் தெரியாதுலே."

"கேட்டாத்தான தெரியும்? ஆறு வருசம் கேட்டியே, இப்ப நாக்கு செத்துப்போச்சா?"

ஜெயசீலனின் முகம் மாறியது. "நீ ஒரு தோட்டக்காரன். சொன்னத செய்யி. இந்தத் தட்டத் தூக்கிட்டு யாருக்கிட்ட போவ? யாரு ஒன்னய கேப்பா?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனான்.

அந்தக் கடைசிக் கேள்வி வேலுச்சாமியின் மண்டைக்குள் நின்று குத்தியது. யாரிடம் போவது? காம்பவுண்ட் மேனேஜர் ஒரு லெபனான்காரர். இவனுக்குத் தெரிந்தது கொஞ்சம் இந்தி, 'யல்லா', 'கலாஸ்', 'மாஃபி' என்று இரண்டு மூன்று அரபு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு என்ன விளக்க முடியும்?

பதினேழாம் நம்பர் வில்லாவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மா சந்தியா, கோயம்புத்தூர்க்காரி. வாசலில் குண்டுமல்லி வளர்த்தாள். அது கருக ஆரம்பித்ததிலிருந்து பார்க்கும்போதெல்லாம் இவனைத் திட்டினாள். மேனேஜருக்குப் புகார் மெயில் மேல் மெயில் அனுப்பியதும் அவள்தான். வேலுச்சாமி தட்டை எடுத்துக்கொண்டு, சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் போய் அவள் வீட்டு மணியை அடித்தான்.

கதவைத் திறந்ததும் அவள், "என்ன, இப்பவாவது தண்ணி விடலாம்னு தோணுச்சா?" என்றாள்.

"நாக்குல வச்சுப் பாருங்க மேடம்."

"என்ன இது?"

"ரெண்டு மாசமா உங்க மல்லிகைக்கு நான் ஊத்துனது. வெயில்ல காயவச்சேன். வச்சுப் பாருங்க."

அவன் குரலைக் கேட்டு அவள் ஓரடி பின்னால் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது.

"உப்பு!"

"உப்புத்தான். முன்னாடி வந்த தண்ணி நாறுது, நாறுதுன்னு சொன்னீக. இப்ப நாறல. உப்புத்தண்ணி எப்படி நாறும்? நான் தண்ணியே விடலைன்னு நீங்க மெயில் போட்டீக. அதை வச்சு நான் தூங்குனேன்னு எழுதி என் லீவை நிப்பாட்டிட்டாங்க. என் வீட்டுல ஒருத்தி வயித்துல கட்டியோட கெடக்குறா. உங்களுக்கு மல்லிகை போச்சு. எனக்கு என்ன போகப்போகுதுன்னு யாரு பாத்தது?"

"என்கிட்ட எதுக்குங்க கத்தறீங்க? நானா உப்புத்தண்ணி கொண்டாந்து ஊத்துனேன்?"

"வேற யார்கிட்ட கத்துறது? மேனேஜர்கிட்ட கத்த எனக்கு இங்கிலீஷ் தெரியாது மேடம்!"

தட்டை அவன் கையிலிருந்து பிடுங்குவதுபோல வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். வேலுச்சாமி வெயிலில் நின்றான். இருந்த ஒரே சாட்சியையும் கொடுத்துவிட்டோம், குப்பையில் கொட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தான். வேலைக்குத் திரும்பி, செத்துப்போன நித்தியகல்யாணிகளை வேரோடு பிடுங்கி எறிந்தான். ஒவ்வொன்றாக, தேவைக்கு மேல் பலத்தோடு.

ஆனால் அவள் கொட்டவில்லை. அரைமணி நேரத்தில் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, தட்டோடு மேனேஜர் ஆபீசுக்கு நடந்து போனாள். உள்ளேயிருந்து அவள் குரல் வெளியே வரை கேட்டது. மறுநாள் லெபனான்காரர் உப்பை அளக்கும் மீட்டரோடு ஒரு ஆளை வரவழைத்துத் தொட்டியில் விட்டுப் பார்த்தார். அதற்கடுத்த நாள் கம்பெனியின் கான்ட்ராக்ட் மேனேஜர் வெள்ளைக் காரில் வந்து இறங்கினான்.

எல்லோரையும் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கான்ட்ராக்ட் மேனேஜர், லெபனான்காரருக்குக் கேட்கும்படி, ஜெயசீலனைப் பார்த்து இந்தியில் கத்தினான். யாரைக் கேட்டு டேங்கரை மாற்றினாய், எனக்கு ஏன் சொல்லவில்லை, கம்பெனி பேரைக் கெடுத்துவிட்டாயே என்று கத்தினான். ஜெயசீலன் ஒருமுறை வேலுச்சாமியைப் பார்த்தான். நான் சொன்னேனே, உனக்குத் தெரியுமே என்கிற பார்வை.

வேலுச்சாமிக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை இந்தியில் சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு இந்தி அவனிடம் இருந்தது. சொல்லவில்லை. லீவுக் காகிதம் கத்துகிறவன் கையில் இருந்தது. ஜெயசீலன் மேல் கோபமும் அடங்கவில்லை. இரண்டில் எது தன் வாயை அடைத்தது என்று பிறகு யோசித்தபோது அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. அப்போது தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பிக்கப் சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். ஜெயசீலன் மறுபடியும் தோட்டக்காரன். அதே காம்பவுண்ட், கேம்ப்பில் வேலுச்சாமி இருந்த அதே பழைய ரூம். உப்புத்தண்ணீரை எடுக்கச் சொன்னவன் வெள்ளைக் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டான். கண்ணாடியை இறக்கி வேலுச்சாமியைக் கூப்பிட்டான்.

"நீதான் இங்கே விவரம் தெரிந்த ஆள். நாளையிலிருந்து நல்ல தண்ணீர் வரும். டிசம்பர் வரைக்கும் நீ எங்கேயும் போகக்கூடாது. தோட்டத்தைச் சரிபண்ணு. அப்புறம் லீவைப் பற்றிப் பேசலாம்" என்றான் இந்தியில்.

தண்ணீர் விடவில்லை என்று லீவை நிறுத்தினார்கள். தண்ணீர் விட்டேன் என்று நிரூபித்தான், அதற்கும் லீவு இல்லை. கார் போனது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நல்ல தண்ணீர் டேங்கர் வந்தது. நாறியது. மண்ணில் ஏறிய உப்பைக் கீழே இறக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பாத்தியிலும் வரப்பு கட்டி, கணுக்கால் அளவுத் தண்ணீரை நான்கு நாள் தேக்கி வடிய விட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அடுத்தடுத்த வேலை எல்லாம் தள்ளிப்போகும். டிரைவர் குழாயை மாட்டிவிட்டு ஹாரன் அடித்தான். வேலுச்சாமி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தான்.

"அண்ணே, என்னண்ணே?" என்றான் தியாகு.

"என் லீவு பேப்பர்ல கையெழுத்து வரட்டும். அப்புறம் தண்ணி."

"வேலையை நிறுத்துனா வீசா கேன்சல் பண்ணிருவாங்கண்ணே."

"பண்ணட்டும். பண்ணுனாலும் ஊருக்குத்தான அனுப்பணும்."

தியாகு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவனும் உட்கார்ந்தான். மூன்று பெங்காலிகள், ஒரு பட்டான், எல்லோரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் தூரத்தில் தனியாக நின்ற ஜெயசீலனும் உட்கார்ந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

ஒன்பது மணிக்கு லெபனான்காரர் வெளியே வந்து பார்த்தார். காத்திருக்கும் டேங்கரைப் பார்த்தார், உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தார், போனை எடுத்தார். பத்தரை மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. வந்தவன் மிரட்டினான், போலீஸ் என்றான். வேலுச்சாமி எழுந்திருக்கவில்லை. "இருபதாம் தேதி. எழுதிக் கொடுங்கள். இப்போதே வரப்பு கட்டுகிறேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். லெபனான்காரர் கான்ட்ராக்ட் மேனேஜரை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கார் பானெட்டின் மேல் வைத்துக் காகிதம் எழுதப்பட்டது. வேலுச்சாமி அதை வாங்கித் தியாகுவிடம் நீட்டினான்.

"முழுசாப் படி."

தியாகு முழுதாகப் படித்துத் தலையாட்டிய பிறகுதான் வேலுச்சாமி மண்வெட்டியை எடுத்தான்.

நான்கு நாள் தண்ணீர் கட்டினார்கள். முதல் இரண்டு நாள் மேலே நுரைபோல வெளுப்பு மிதந்தது. பிறகு தெளிந்தது. ரெடிமேட் நாற்றை இப்போது இறக்க வேண்டாம், அக்டோபரில் சொந்த நாற்றே போதும் என்று லெபனான்காரரே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஜெயசீலன் ஒரு மூலையில் வரப்பு கட்டினான். இரண்டு வருடம் மண் தொடாத கை. இரண்டாம் நாளே கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தான். ரூமிலும் யாரும் அவனோடு பேசவில்லை. ஒருநாள் கூடாரத்துக்குள் தனியாக இருந்தபோது, "வேலு, அன்னிக்கு மேனேஜர் முன்னால நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான்.

"நீயும்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜூன் மாசமே."



பத்தொன்பதாம் தேதி. விதைப்பு இன்னும் முடியவில்லை. பெட்டூனியா விதை தூசி மாதிரி இருக்கும். மணலோடு கலந்து நாற்றுத் தட்டில் தூவ வேண்டும், மண் போட்டு மூடக்கூடாது, புகைபோல நீர் தெளிக்க வேண்டும். ஒரு துளி பெரிதாக விழுந்தால் விதை மூலைக்கு ஓடிவிடும். தியாகு இரண்டு தட்டு விதைத்துப் பார்த்தான், இரண்டும் திட்டுத் திட்டாக முளைத்தன. வேலுச்சாமி விதை டப்பாவை எடுத்துக்கொண்டு ஜெயசீலனிடம் போனான்.

"அறுபது தட்டு பாக்கி. இதுல கை வைக்க உன்னைவிட்டா இங்க ஆள் இல்ல. அதனால குடுக்கேன். மத்தபடி உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

ஜெயசீலன் துணி சுற்றிய கையால் டப்பாவை வாங்கிக்கொண்டான். "எப்பம் வருவ?" என்று கேட்டான். வேலுச்சாமி கூடாரத்தைவிட்டு வெளியே வந்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாகவள்ளி எழுந்து நடமாடிய பிறகு, நவம்பர் கடைசியில் அவன் திரும்பி வந்தான். பாத்திகளில் பெட்டூனியா நின்றது, வழக்கத்தைவிட இரண்டு வாரம் பிந்தி, ஆனால் ஒரே சீராக. வடக்குப் பக்க அரளி வேலி பிழைக்கவில்லை, பிடுங்கிவிட்டிருந்தார்கள். கான்ட்ராக்ட் மேனேஜர் அதே வெள்ளைக் காரில்தான் வந்துபோனான். வேலுச்சாமி பூக்களை ஒரு சுற்று நடந்து பார்த்தான், களை கிடந்த இடத்தில் குனிந்து பிடுங்கினான். இரண்டு பாத்தி தள்ளி ஜெயசீலன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். வேலுச்சாமி பார்க்காததுபோல அடுத்த களையைப் பிடுங்கினான்.